தீவுப் பறவைகள்: அழிந்தவையும் வந்தேறியவையும் – கேள்வி பதில்

கேள்வி: பல தீவுகளில் பறவை இனங்களின் மொத்த எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லையாமே? அழிந்தவற்றின் இடத்தை வெளியிலிருந்து வந்தவை நிரப்பிவிட்டால் கவலை எதற்கு?

பதில்: எண்ணிக்கை சரிதான். நடுக்கடல் தீவுகள் பலவற்றில் அழிந்த நிலப்பறவை இனங்களும் புதிதாக வந்து நிலைத்த இனங்களும் ஏறக்குறைய சமம். ஆனால் எந்தப் பறவை என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள். ஹவாயின் ஓவாஹு தீவில் பழந்தின்னும் உள்ளூர்ப் பறவைகள் அநேகமாக இல்லாமலே போய்விட்டன. இன்று அங்கே விதை சுமப்பவை வெள்ளைக்கண்ணி, சின்னான் போன்ற அயல் பறவைகள். இவற்றின் வாய் சிறியது; சிறிய விதைதான் உள்ளே போகும். பெரிய விதை கொண்ட உள்ளூர் மரங்களுக்கு ஆளில்லை. பரவுவதில் பெரும்பங்கும் அயல் செடிகளின் விதைகளே.

கேள்வி: குவாம் தீவில் ஒரே பாம்பு எப்படி அத்தனை பறவைகளையும் முடித்தது?

பதில்: இரண்டாம் உலகப் போருக்குப் பின் சரக்கோடு வந்தது பழுப்பு மரப்பாம்பு. இரவில் கிளையேறி வரும் எதிரியை அங்குள்ள பறவைகள் அறிந்ததே இல்லை. 12 உள்ளூர்க் காட்டுப்பறவை இனங்களில் 10 அங்கிருந்து மறைந்தன. பறவைகள் குறையக் குறையப் பாம்பும் பட்டினியால் குறைந்திருக்க வேண்டுமே என்று தோன்றும். குறையவில்லை, பல்லியும் அரணையும் அதற்குச் சோறு போட்டன. அதனால் பறவைகள் அருகிய பிறகும் வேட்டை ஓயவில்லை.

பின்விளைவு காட்டுக்குள் கண்ணெதிரே தெரியும். மழைக்காலத்தில் குவாம் காட்டில் சிலந்திகள் அண்டைத் தீவுகளைப் போல் சுமார் 40 மடங்கு. பழங்கள் தாய்மரத்தின் அடியிலேயே விழுந்து கிடக்கின்றன. பாம்பைக் கட்டுப்படுத்த, செத்த சுண்டெலிக்குள் பாம்புக்கு நஞ்சாகும் 80 மில்லிகிராம் பாராசிட்டமால் வைத்து ஹெலிகாப்டரிலிருந்து போடுகிறார்கள். இரை மரக்கிளையில் தொங்க வேண்டும். தரையில் விழுந்தால் நண்டு தூக்கிப்போய்விடும்.

கேள்வி: மலை உச்சியில் மட்டும் ஹவாய்ப் பறவைகள் தப்பியது ஏன்?

பதில்: குளிர். 1826 வாக்கில் வந்த கொசு, பறவைகளைத் தாக்கும் மலேரியாவைப் பரப்புகிறது. சுமார் 13 டிகிரி செல்சியசுக்குக் கீழே கொசுவுக்குள் அந்த ஒட்டுண்ணி வளராது. வெப்பம் ஏற ஏற அந்தக் குளிர் எல்லையும் மேலே நகர்கிறது.

கேள்வி: தீவுப் பறவைகளைத் தின்னும் பூனையை மட்டும் அகற்றினால் போதாதா?

பதில்: போதாது, சில இடங்களில் நிலைமை மோசமாகும். நியூசிலாந்தின் ஹவுதுரு தீவில் 1980-இல் பூனை ஒழிந்தது. பூனைக்கு அஞ்சி அடங்கியிருந்த எலிகள் பெருகி, குக் பெட்ரல் என்ற கடற்பறவையின் குஞ்சுகள் தேறுவது குறைந்தது. 2004-இல் எலியும் ஒழிந்த பிறகுதான் நிலைமை திரும்பியது. 'சின்ன' சுண்டெலியையும் விட்டுவைக்காதீர்கள்: தென் அட்லாண்டிக் கடலின் காஃப் தீவில் சில பத்து கிராம் எடையுள்ள சுண்டெலிகள், பல கிலோ எடையுள்ள ஆல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவையின் குஞ்சை உயிரோடு கடித்துத் தின்கின்றன. எதிர்க்கத் தெரியாமல் குஞ்சு கூட்டிலேயே உட்கார்ந்திருக்கும்.

கேள்வி: எலி ஒழிப்பில் எங்கே தவறுகிறது?

பதில்: ஒரு இணை எஞ்சினாலும் வேலை வீண். ஒவ்வொரு எலியின் எல்லைக்குள்ளும் நச்சுத்தீனி விழ வேண்டும். பாறைச் சரிவு, கட்டடக் கூரை, கிடங்கு எதுவும் விடுபடக் கூடாது. தீனி அரிதாகவும் இனப்பெருக்கம் குறைவாகவும் உள்ள பருவத்தில் தொடங்குங்கள். சில வாரம் விட்டு இரண்டாம் முறை போட வேண்டும். முதல் முறை வளைக்குள் இருந்த குட்டிகள் அப்போதுதான் வெளியே வரும். தீனியை உண்ணக்கூடிய உள்ளூர்ப் பறவைகளை முன்பே பிடித்துக் கூண்டில் காப்பது அவசியம். லார்டு ஹவ் தீவில் 1918-இல் கரைதட்டிய கப்பலிலிருந்து எலி இறங்கி ஐந்து பறவை இனங்கள் அழிந்தன. 2019-இல் நச்சுத்தீனி போடுமுன் அங்குள்ள வுட்ஹென் பறவைகளை அப்படித்தான் காப்பாற்றினார்கள். அதன்பின் அவை பல மடங்கு பெருகின. படகுச் சோதனையை மட்டும் ஒருநாளும் நிறுத்தக் கூடாது.

கேள்வி: அப்படியானால் அயல் பறவைகளையும் ஒழித்துவிடலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். ஓவாஹுவில் வெள்ளைக்கண்ணியை இன்று அகற்றினால், எஞ்சிய உள்ளூர்ச் செடிகளின் சிறு விதைகளைச் சுமக்கவும் யாரும் இருக்க மாட்டார்கள். முதலில் அயல் செடிகளைக் குறையுங்கள், பெரிய விதைகளைக் கையால் ஊன்றுங்கள். பறவையைப் பற்றிய முடிவு அதற்குப் பிறகு.