வாசகர் கேள்வி – பதில்: வெந்நீர் ஊற்றும் மின்சாரமும்

கேள்வி: வெந்நீர் ஊற்றுகள் இருந்தும் பல நாடுகள் புவிவெப்ப மின்நிலையம் அமைக்கத் தயங்குவது ஏன்?

பதில்: ஊற்று என்பது நிலத்தடியில் வெப்பம் உண்டு என்பதற்கு அடையாளமே தவிர, சுழலியை ஓட்டப் போதுமான நீராவி கிடைக்கும் என்பதற்கு உறுதி அல்ல. அதை அறிய ஓரிரு கிலோமீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல், துளையிட்டுப் பார்த்தாக வேண்டும். பெரும் பொருட்செலவில் தோண்டிய கிணற்றில் வெப்பம் இருந்தும் பாறையில் நீரோட்டம் இல்லாமல் அது வீணாவதும் உண்டு என்பதால், இந்தக் கட்டத்தில் கடன் கொடுக்க வங்கிகள் எளிதில் முன்வருவதில்லை. ஆகவே, தொழில்நுட்பத்தைவிட, தோண்டித் தோற்றால் அந்த இழப்பு யாருடையது என்ற கேள்விக்கே ஓர் அரசு முதலில் விடை காண வேண்டும் என்பது என் கருத்து. ஐஸ்லாந்து அரசு துளையிடக் கடன் கொடுத்து, கிணறு பயன்படாமல் போனால் அக்கடனைத் தள்ளுபடி செய்தது. கென்யாவில் இதற்கென்றே அமைந்த அரசு நிறுவனம் தானே கிணறு தோண்டி, கிடைக்கும் நீராவியை மின் உற்பத்தியாளர்களுக்கு விற்கிறது. 1981இல் ஓல்காரியாவில் 15 மெகாவாட்டுடன் புவிவெப்ப மின் உற்பத்தியைத் தொடங்கிய அந்நாட்டின் மொத்த மின் உற்பத்தியில் இன்று 40 விழுக்காட்டுக்கு மேல் புவிவெப்பத்தின் பங்கு.

கேள்வி: கிடைக்கும் நீர் 90 டிகிரி செல்சியஸ்தான் என்றால் அதனால் பயனில்லையா?

பதில்: உண்டு. அந்த நீரைக் கொண்டு, குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும் வேறொரு திரவத்தை ஆவியாக்கி மின்சாரமும் எடுக்கலாம். ஆனால் எடுத்த வெப்பத்தில் பத்தில் ஒரு பங்கு மின்சாரமாக மாறினாலே பெரிது. குளிர் மிகுந்த நாட்டில் அதே நீரைக் குழாய் வழியே வீடுகளுக்கு அனுப்பினால் வெப்பத்தின் பெரும்பகுதி அப்படியே பயன்படும். ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது வீடுகள் இவ்வாறுதான் சூடேற்றப்படுகின்றன. வீடுகளில் ஆறிய நீரும் பசுமைக்குடிலுக்கும் மீன் பண்ணைக்கும் போதிய சூட்டுடனே இருக்கும். மின்சாரத்தைப் போல வெப்பத்தை நெடுந்தொலைவு கொண்டுசெல்ல இயலாது என்பதால், பயனாளர்கள் கிணற்றுக்கு அருகில் இருந்தாக வேண்டும்.

கேள்வி: இந்த வளம் தீர்ந்துபோகுமா?

பதில்: வெப்பம் எளிதில் தீராது, அதைச் சுமந்துவரும் நீர் தீரும். கலிபோர்னியாவின் கைசர்ஸ் என்னும் புவிவெப்பக் களத்தில் 1980களின் இறுதியில் நீராவியின் அழுத்தம் சரிந்தது. பின்னர், சுற்றுப்புற ஊர்களின் சுத்திகரித்த கழிவுநீரைக் குழாயில் கொண்டுவந்து பூமிக்குள் செலுத்தியே அச்சரிவை மட்டுப்படுத்தினார்கள்.