பூனையின் மூன்று மணி நேரம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணனுக்கு,

மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பூனை சாம்பிக்கு 14 வயது. இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. மீன்பிடித் தடைக்காலம், நல்ல மீன் வரத்து இல்லை, ஐஸ் மீனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகிறாள் என்றுதான் நினைத்தோம். போன வாரம் தடவிக்கொடுக்கும்போது அடிவயிற்றில், கடைசிக் காம்புக்குப் பக்கத்தில், கொண்டைக்கடலை அளவுக்கு ஒரு கட்டி கையில் தட்டுப்பட்டது. மதுரைக்குக் கொண்டுபோய் எடுத்துவிடுங்கள் என்கிறார் டாக்டர். "சாகப்போற வயசுல கத்தி வைக்கிறது பாவம்" என்கிறார் மாமியார். பூனைக்குப் போய் இவ்வளவு செலவா என்று அக்கம்பக்கத்தில் சிரிக்கிறார்கள். நேற்று உடம்பு சுட்டமாதிரி இருந்தது, பாராசிட்டமால் கால் மாத்திரையைப் பாலில் கரைத்து வைத்தேன். குடிக்கவில்லை. இந்த வயதில் ஆபரேஷன் செய்யலாமா? அவள் தாங்குவாளா?

ஒரு வாசகி, மண்டபம்

அன்புள்ள தங்கச்சிக்கு,

முதலில் எழுந்துபோய் அந்தப் பாலைக் கொட்டிவிட்டு வாருங்கள். சாம்பி அதைக் குடிக்காததற்கு உங்கள் குலசாமிக்கு ஒரு தேங்காய் உடைக்கலாம். பாராசிட்டமாலை உடைத்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. தங்கிப்போகும் மருந்து ரத்தத்தின் சிவப்பணுக்களைக் கெடுத்துவிடும். அதன் பிறகு அந்த ரத்தத்தால் பிராணவாயுவைச் சுமக்க முடியாது. ஈறு சாக்லேட் நிறத்துக்கு மாறும், முகமும் பாதமும் வீங்கும், மூச்சு வாங்கும். 500 மில்லிகிராம் மாத்திரையில் கால் பங்கு என்றால் 125. மூன்று கிலோ பூனைக்கு அது கிலோவுக்கு 40 மில்லிகிராமைத் தாண்டுகிறது. கிலோவுக்கு 10 மில்லிகிராமிலேயே விஷம் ஏறிய பூனைகள் உண்டு. ஒரு வாய் நக்கியிருப்பாளோ என்ற சந்தேகம் இருந்தாலும் உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள். பழுப்பாகத் தெரிந்தால் மீதியை அப்புறம் படித்துக்கொள்ளலாம், உடனே ராமநாதபுரத்துக்கு வண்டி ஏறுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் என்று வீட்டில் கிடக்கும் வலி மாத்திரை எதுவும் பூனைக்கு ஆகாது. பூனையின் இயல்பான சூடே 38 முதல் 39 டிகிரி செல்சியஸ், நம் கைக்கு அது எப்போதும் சுடத்தான் செய்யும். தெர்மாமீட்டர் இல்லாமல் காய்ச்சல் என்று முடிவுகட்டாதீர்கள்.

அடுத்து தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது, உண்மைதான். ஐஸ் மீனைப் பூனை ஒதுக்கும், அதுவும் உண்மைதான். ஆனால் ருசிக்காக எந்தப் பூனையும் இரண்டு மாதம் மெலியாது. ஒரு நாள் முறைக்கும், இரண்டாம் நாள் தின்றுவிடும். நீங்கள் கடற்கரைக்காரர், வீட்டுப் பக்கத்திலேயே மீன் ஏலக்கடையில் எலெக்ட்ரானிக் தராசு இருக்கும். காலி பிளாஸ்டிக் தட்டை வைத்துப் பூஜ்யமாக்கி, சாம்பியை அதில் உட்காரவைத்தால் பத்து கிராம் துல்லியத்தில் எடை தெரிந்துவிடும். பத்து வயது தாண்டிய பூனையை மாதம் ஒருமுறை இப்படி நிறுக்க வேண்டும். 3.6 கிலோ 3.2 ஆவது கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அது பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழப்பு, 60 கிலோ ஆளுக்கு ஆறேழு கிலோ குறைவது மாதிரி. நிறுத்திருந்தால் சித்திரையிலேயே தெரிந்திருக்கும்.

மாமியார் சொல்லும் பாவத்துக்கும் அக்கம்பக்கத்துச் சிரிப்புக்கும் நான் பதில் எழுதப்போவதில்லை. 14 வருடம் உங்கள் வீட்டு வாசலில் படுத்த உயிர் அது. செலவு உங்கள் கை, உங்கள் கணக்கு.

தாங்குவாளா என்று கேட்டீர்கள். வயது தனியாக ஒரு நோய் இல்லை. 2000-களின் தொடக்கத்தில் பிரிட்டனில் மயக்க மருந்து கொடுக்கப்பட்ட பூனைகளைக் கணக்கெடுத்தார்கள். ஆரோக்கியமானவற்றில் இறந்தவை 0.11 சதவீதம், ஏறக்குறைய 900-க்கு ஒன்று. நோய் உள்ளவற்றில் 1.4 சதவீதம், 70-க்கு ஒன்று. வயது ஏற ஏற ஆபத்து கூடும்தான். அதைவிடப் பெரிய வித்தியாசம் உள்ளே ஒளிந்திருக்கும் நோயால் வருகிறது. வயதான பூனையில் அப்படி ஒளிபவை பெரும்பாலும் சிறுநீரகம், இதயம், தைராய்டு மூன்றும்தான்.

பரிசோதனையை எக்ஸ்ரேயில் தொடங்கச் சொல்லுங்கள். நெஞ்சை மூன்று கோணத்தில் எடுக்க வேண்டும்: இடப்பக்கம், வலப்பக்கம், மல்லாக்க. காம்பையொட்டி வருவது பெரும்பாலும் பால்சுரப்பியில் வளரும் மார்புக்கட்டி. பூனையின் மார்புக்கட்டிகளில் பத்தில் எட்டுக்கு மேல் புற்று, அது முதலில் ஓடுகிற இடங்களில் ஒன்று நுரையீரல். அங்கே புள்ளி தெரிந்தால் கத்திக்கு வேலை இல்லை. வலி தணித்து, தின்கிற வரை தின்னவைத்து, தின்பதையும் தன்னை நக்கிச் சுத்தம் செய்வதையும் அவள் விட்டுவிடும் நாளில் டாக்டரிடம் சொல்லி வலியில்லாமல் அனுப்பிவைப்பதுதான் மிச்சம். அந்த முடிவெடுக்க வெட்கப்படவும் வேண்டாம், தள்ளிப்போடவும் வேண்டாம்.

நுரையீரல் சுத்தம் என்றால் ரத்தமும் சிறுநீரும். சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 1.6-க்குள் இருந்தால் நல்லது, 2.8 வரை முன்னேற்பாட்டோடு செய்யலாம், 5-ஐத் தாண்டினால் வேண்டாம். ஆனால் மெலிந்த பூனையில் இந்த எண் ஏமாற்றும். கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது, தசை கரைந்தால் சிறுநீரகம் கெட்டிருந்தாலும் எண் குறைவாகவே காட்டும். அதனால் சிறுநீரின் அடர்த்தியையும் கேளுங்கள். 1.035-க்கு மேல் இருந்தால் சிறுநீரகம் இன்னும் வேலை செய்கிறது என்று அர்த்தம். ரத்த அழுத்தம் 160-ஐத் தாண்டினால் முதலில் அதை இறக்க வேண்டும். இதயத் துடிப்பில் இரைச்சல் கேட்டால் எக்கோ, அதாவது இதய ஸ்கேன்.

கட்டி கொண்டைக்கடலை அளவு என்கிறீர்கள். இது பெரிய விஷயம். 2 சென்டிமீட்டருக்குள் இருக்கும்போது எடுத்தால் பாதிக்கு மேற்பட்ட பூனைகள் மூன்று வருடம் தாண்டுகின்றன. 14 வயதுப் பூனைக்கு மூன்று வருடம் என்பது மிச்ச ஆயுள் முழுவதும் என்றே வைத்துக்கொள்ளலாம். 3 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டால் பாதிப் பூனைகள் ஒரு வருடம்கூட இருப்பதில்லை. "இன்னும் கொஞ்ச நாள் பார்ப்போம்" என்பது இங்கே செலவில்லாத முடிவு அல்ல. தையலைப் பார்த்ததும் பதறுவீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன்: கடலை அளவுக் கட்டிக்கு அக்குளிலிருந்து தொடையிடுக்கு வரை அறுப்பார்கள். ஒரு பக்கத்து நான்கு பால்சுரப்பிகளும் நிணநீர்க் குழாயால் இணைந்தவை. கட்டியை மட்டும் கிள்ளி எடுத்தால் பக்கத்திலேயே மறுபடி முளைக்கும். எடுத்ததை ஃபார்மலினில் போட்டு பயாப்ஸிக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

என் கணக்கில், எக்ஸ்ரே சுத்தம், சிறுநீரகம் பரவாயில்லை என்றால் செய்துவிடுங்கள். உங்கள் கேள்விக்குப் பதில் அவ்வளவுதான்.

இனி நான் எழுத நினைத்ததற்கு வருகிறேன். இதை எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே மனதில் இருந்தது, அதற்குள் உங்கள் கடிதம் வந்துவிட்டது. எல்லோரும் மேஜையையும் கத்தியையும் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். நான் சொன்ன அதே கணக்கெடுப்பில், இறந்த பூனைகளில் பத்தில் ஆறு இறந்தது ஆபரேஷன் முடிந்த பிறகு. அவற்றிலும் பெரும்பகுதி முதல் மூன்று மணி நேரத்துக்குள். மேஜையில் இருக்கும்வரை பக்கத்தில் ஆள் இருக்கிறார், நாடியையும் மூச்சையும் யாரோ எண்ணுகிறார்கள். தையல் போட்டுக் கூண்டுக்குள் வைத்ததும் எல்லோரும் கை கழுவப் போய்விடுகிறார்கள். பூனை தூங்குகிறது என்று நினைப்பார்கள். அது குளிர்ந்துகொண்டிருக்கும்.

நம் ஊர் வெயிலில் குளிருமா என்று கேட்காதீர்கள். மயக்கத்தில் உடம்பு தன் சூட்டைக் காத்துக்கொள்ளாது. வயிற்று முடியை வழித்து, ஸ்பிரிட் தடவி, ஏசி அறையில் ஒன்றரை மணி நேரம் கிடத்திய மூன்று கிலோ உடம்பு 35 டிகிரிக்குச் சாதாரணமாக இறங்கும். குளிர்ந்த உடம்பில் மயக்க மருந்து வெளியேறாது, மருந்து வெளியேறாததால் எழ மாட்டாள், எழாததால் இன்னும் குளிர்வாள். வெந்நீர் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பக்கத்தில் வைக்க வேண்டும். துண்டு இல்லாமல் வைத்தால் தோல் வெந்துபோகும், மயங்கிய பூனைக்கு நகரத் தெரியாது. 37.5 டிகிரி தொடும்வரை கால் மணிக்கு ஒருமுறை தெர்மாமீட்டர். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். ட்ரிப்ஸ் சொட்டையும் கவனியுங்கள். மயக்கத்தில் இருக்கும் பூனைக்குத் தொடக்க வேகம் மணிக்குக் கிலோவுக்கு 3 மில்லி, உங்கள் சாம்பிக்குச் சுமார் 10 மில்லி. குழந்தைகளுக்கு மாட்டும், ஒரு மில்லிக்கு 60 சொட்டு விழும் செட்டில் அது நிமிடத்துக்கு 10 சொட்டு. பெரியவர்களுக்கான செட்டை மாட்டித் திறந்துவிட்டால் ஒரு பாட்டில் சரசரவென்று ஏறி நுரையீரலில் நீர் கோக்கும்.

அதனால் டாக்டரிடம் "தாங்குமா" என்று கேட்காதீர்கள். முதல் மூன்று மணி நேரம் யார் பக்கத்தில் இருப்பார்கள் என்று கேளுங்கள். காலையில் முதல் கேஸாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மதியம் சாத்தும் நேரத்துக்கு ஆபரேஷன் முடிந்து, "கூட்டிட்டுப் போங்க" என்று கையில் கொடுக்கும் இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். மதுரையிலிருந்து மண்டபம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். மானாமதுரை, பரமக்குடி என்று பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருகிற நேரமும் இந்த மூன்று மணி நேரமும் ஒன்றாகிவிடக் கூடாது. அன்றிரவு மதுரையில் தங்க ஒரு சொந்தக்காரர் வீடோ லாட்ஜோ ஏற்பாடாகவில்லை என்றால் தேதியைத் தள்ளுங்கள், ஒரு வாரத்தில் கட்டி ஓடிவிடாது. ஒரு மாதம் தள்ளாதீர்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு முதல் கவலை சாப்பாடு. இரண்டு மூன்று நாள் பூனை ஒன்றும் தின்னாமல் கிடந்தால் உடம்புக் கொழுப்பெல்லாம் ஈரலில் வந்து அடையும், மஞ்சள் காமாலை வரும். 3.2 கிலோவுக்கு ஒரு நாளைக்கு 165 கலோரி போல வேண்டும். முள் நீக்கி வேகவைத்த பாறை மீன் சதை சுமார் 150 கிராம். முதல் நாள் பாதி தின்றாலே போதும். ஆறிப்போனதை வைக்காதீர்கள், கைச்சூட்டுக்குச் சுடவைத்தால்தான் வாசம் எழும், வாசம் இல்லாமல் பூனை வாய் வைக்காது. குழம்பில் கழுவிய துண்டு கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தத்தை உடைக்கும், கழுவினால் போகாது. கருவாடு வேண்டவே வேண்டாம், அந்த உப்பை வயதான சிறுநீரகம் தாங்காது. 24 மணி நேரம் ஒரு வாய்கூட இறங்கவில்லை என்றால் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். பசி தூண்ட மருந்து உண்டு, மூக்கு வழியாகக் குழாயும் உண்டு.

காயத்தில் மஞ்சள், சாம்பல், தேங்காய் எண்ணெய் எதையும் அப்பாதீர்கள். டெட்டால் பூனைக்கு விஷம். நக்காமலிருக்கக் கழுத்தில் கூம்பு மாட்டலாம். அதோடு அவள் தட்டில் வாய் வைக்கத் திணறினால், பழைய பனியனின் கையை வெட்டி, முன்னங்கால்களுக்கு இரண்டு ஓட்டை போட்டு மாட்டிவிடுங்கள். கடல்மணலில் போக விடக் கூடாது, ஈரத் தையலில் ஒட்டினால் எடுக்க முடியாது. வேறொரு தட்டில் நியூஸ்பேப்பரைக் கிழித்துப் போடுங்கள், பத்து நாளைக்கு அதுதான் கழிப்பிடம்.

உங்கள் ஊரில் எனக்கு மிகப் பெரிய பயம் ஈ. கருவாடு காயும் களத்துக்குப் பக்கத்து வீடு என்றால் தையலில் ஈ உட்காராமல் இருக்காது. ரவை ஒட்டியமாதிரி வெள்ளையாகத் தெரிந்தால் அது முட்டை. ஒரு நாளுக்குள் பொரித்துப் புழு உள்ளே போய்விடும். கொசுவலைக்குள் படுக்கவையுங்கள், காலையும் மாலையும் டார்ச் அடித்துத் தையல் முழுவதையும் பாருங்கள். முதல் இரண்டு நாள் லேசான வீக்கம் இருக்கும். அதற்குப் பிறகு நாற்றமோ, சீழோ, தையல் விட்டு இளிப்பதோ தெரிந்தால் 10 நாள் கழித்துத் தையல் பிரிக்கும் தேதிக்காகக் காத்திருக்காதீர்கள்.

மூச்சையும் எண்ணிப் பழகுங்கள். நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை அரை நிமிடம் எண்ணி இரட்டிப்பாக்குங்கள். முப்பதுக்குள் இருக்க வேண்டும். இன்றிரவே எண்ணி எழுதிவையுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு கூடியதா என்று ஒப்பிட அந்த எண் வேண்டும்.

சாக்கில் கட்டிக் கொண்டுபோகாதீர்கள். மூடி உள்ள பிளாஸ்டிக் கூடை வாங்கி, அவள் வழக்கமாகப் படுக்கும் துணியை உள்ளே போட்டு, மூடியைக் கழற்றி இன்றைக்கே வீட்டுக்குள் வையுங்கள். நாலைந்து நாளில் தானாகப் போய் அதில் படுப்பாள். அப்புறம் டாக்டரிடம் தேதி வாங்குங்கள்.

அன்புடன்,
அண்ணன்