தாய்லாந்துக்காரர்களுக்கு மணிக்கட்டு எக்ஸ்ரேயில் எது நார்மல்? மனைவிக்கு அல்னா எலும்பு 1 மி.மீ. நீளமாம், பயப்பட வேண்டுமா?

மனைவி கையை ஊன்றி விழுந்திருப்பார், நீங்கள் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் கூகுளைக் குடைந்துகொண்டிருப்பீர்கள். நான் டாக்டர் இல்லை, பாங்காக் சிலோம் பக்கம் கல் வியாபாரம். மணிக்கட்டு உடைந்தவன் என்ற தகுதி மட்டும்தான், டாக்டர்மார் சண்டைக்கு வர வேண்டாம்.

புத்தகக் கணக்கு இது: ரேடியஸ் (முன்கையில் கட்டைவிரல் பக்க எலும்பு) நுனி, சுண்டுவிரல் பக்கமாக 22, 23 டிகிரி சரிந்திருக்கும். உள்ளங்கைப் பக்கம் 11 டிகிரி வாக்கில் சாய்ந்திருக்கும். அந்த நுனியின் உயரம் 11, 12 மி.மீ. எல்லாம் சராசரிதான். அடிபடாத கையிலேயே முதலில் சொன்ன சரிவு 13 முதல் 30 வரை போகும். அதிலும் இவை பெரும்பாலும் மேலைநாட்டவர் கைகளை அளந்து வந்தவை. அல்னா (சுண்டுவிரல் பக்க எலும்பு) ரேடியஸைவிட 1 மி.மீ. நீண்டிருப்பது நல்ல கைகளிலும் சகஜம்.

மழையில் பைக் டாக்ஸி சறுக்கி நான் விழுந்தபோது உடைந்தது வலது கை, இடுக்கி பிடித்துக் கல் பொறுக்கும் கை. எக்ஸ்ரே எடுத்த பையன் தோள் உயரத்துக்குக் கையைப் பக்கவாட்டில் தூக்கி, முழங்கையை மடக்கி, உள்ளங்கையைத் தட்டையாக வைக்கச் சொன்னான். முன்கை கொஞ்சம் உட்பக்கம் திரும்பினாலும், இறுக்கிப் பிடித்தாலும் அல்னா நீண்டு தெரியுமாம். அப்புறம் இடது கையையும் எடுத்தான். கூட வந்த நண்பர் "பில் ஏத்துறானுங்க" என்று முணுமுணுத்தார். டாக்டர் இரண்டு படத்தையும் அருகருகே வைத்துக் கோடு போட்டுக் காட்டினார். என் இடது கையிலேயே சரிவு 19 டிகிரிதான், அல்னாவும் 1 மி.மீ.க்கு மேல் நீளம். "உங்களுக்கு இதுதான் நார்மல்" என்றார். எலும்பை இழுத்துச் சேர்த்து மறுபடி படம் எடுத்ததில் வலதும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு வந்துவிட்டது. மாவுக்கட்டோடு முடிந்தது. சேர்த்த பிறகும் ரேடியஸ் 3 மி.மீ.க்கு மேல் குட்டையாகியிருந்தாலோ, புறங்கைப் பக்கம் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்திருந்தாலோ ஆபரேஷன் பற்றி யோசிப்பார்களாம். சென்னையிலிருந்து மச்சான் மட்டும் "சரிவு 23 இருக்கணும், பிளேட் வைக்கச் சொல்லுங்க" என்று போனிலேயே வைத்தியம் பார்த்தார்.

ஆகவே மனைவியின் இன்னொரு கையையும் அதே நிலையில் எடுத்து ஒப்பிடச் சொல்லுங்கள். கதவுக் குமிழைத் திருகும்போது சுண்டுவிரல் பக்கம் வலித்தால் கை நிபுணரிடம் காட்டுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஆஸ்பத்திரிக் காகிதங்களில் புத்த ஆண்டுதான், நம் கணக்கோடு 543 கூட. 2566 என்று அச்சிட்ட படத்தைப் பார்த்து ஊரில் இருக்கும் இன்சூரன்ஸ்காரர்கள் "தேதி தவறு" என்று என் கிளெய்மைத் திருப்பிவிட்டார்கள். விளக்கக் கடிதம் போட்டால் அதற்கு நோட்டரி கையெழுத்து கேட்டார்கள். நீங்கள் டிஸ்சார்ஜ் ஆகும்போதே ஆங்கிலத் தேதி போட்ட சான்றிதழை வாங்கிவிடுங்கள்.