குழாயில்தான் உணவு, பிறகு எதற்குப் பல் துலக்க வேண்டும்?

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 76. பக்கவாதம் வந்து எட்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். மூக்கு வழியாகப் போட்ட குழாயில்தான் கஞ்சியும் பாலும் கொடுக்கிறோம். அப்படியிருந்தும் இரண்டு முறை நிமோனியா வந்துவிட்டது. தினமும் பல் துலக்கிவிடச் சொல்கிறார் மருத்துவர். சாப்பிடாத வாயில் என்ன அழுக்கு சேரும்? தண்ணீர் விட்டால் புரையேறுமே என்றும் பயமாக இருக்கிறது.

பதில்: புரையேறும் என்ற பயம் நியாயமானது. ஆனால் சாப்பிடாத வாய்தான் சீக்கிரம் அழுக்காகும். மெல்லும்போதும் பேசும்போதும் நாக்கும் கன்னமும் உரசி, எச்சில் ஊறி, வாய் தன்னைத்தானே கழுவிக்கொள்கிறது. அது நின்றுபோனால் பல்லிலும் நாக்கிலும் பிசுக்கு படிந்து காய்ந்துவிடும். டார்ச் அடித்து அம்மாவின் மேலண்ணத்தைப் பாருங்கள். பழுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தால், அது காய்ந்த சளியும் உதிர்ந்த தோலும் கிருமிகளும் சேர்ந்தது.

குழாய் உணவைத்தான் வயிற்றுக்குக் கொண்டுபோகிறது. எச்சில் வழக்கம்போலத் தொண்டைக்குத்தான் வரும். ஒரு மில்லிலிட்டர் எச்சிலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் உண்டு. நல்ல ஆரோக்கியத்தோடு இருப்பவர்களுக்கும் தூக்கத்தில் கொஞ்சம் எச்சில் மூச்சுக்குழாய்க்குள் இறங்குவதுண்டு; இருமலும் நுரையீரலின் எதிர்ப்புச் சக்தியும் சமாளித்துவிடும். பக்கவாதத்தில் அந்த இருமலே மழுங்கிவிடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியாமல் எச்சில் உள்ளே போய்விடும். ஆகவே எச்சில் இறங்குவதை முழுவதுமாகத் தடுக்க முடியாவிட்டாலும், அதிலுள்ள கிருமிகளைக் குறைக்க உங்களால் முடியும்.

இதற்குச் சான்றும் இருக்கிறது. ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், பராமரிப்பாளர்கள் ஒவ்வொரு உணவுக்குப் பிறகும் பல் துலக்கிவிட்ட முதியவர்களில் 11 சதவீதம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் நிமோனியா வந்தது. அப்படிச் செய்யாதவர்களில் அது 19 சதவீதம். பல்லே இல்லாதவர்களுக்கும் வாய்ச் சுத்தம் பலன் தந்தது.

இனி செய்முறை. காலையும் இரவும், குழாயில் உணவு கொடுப்பதற்கு முன் செய்யுங்கள். வயிறு நிறைந்திருக்கும்போது குமட்டினால் ஆபத்து. கட்டிலின் தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி, மோவாயைச் சற்றுத் தாழ்த்தி வையுங்கள். உட்கார வைக்க முடியாவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்துக் கன்னத்தின் கீழ் ஒரு துண்டை விரியுங்கள். மல்லாந்து படுத்திருக்கும்போது மட்டும் வேண்டாம்.

குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ் போதும். தண்ணீரில் நனைத்து நன்றாக உதறிவிடுங்கள். பேஸ்ட் வைத்தால் பட்டாணி அளவுக்கு மேல் வேண்டாம்; நுரை தொண்டைக்குப் போகும். நாலைந்து பல் துலக்கியதும், நனைத்துப் பிழிந்த காஸ் துணியால் அங்கே சேர்ந்ததைத் துடைத்தெடுங்கள். பற்களுக்கு நடுவே விரலை விடாதீர்கள், அவரை அறியாமலே கடித்துவிடக்கூடும். செயலிழந்த பக்கத்துக் கன்னத்தின் உட்புறத்தைக் கட்டாயம் பாருங்கள்; அங்கே எது தங்கினாலும் அவருக்குத் தெரியாது. பொருக்கை உலர்ந்தபடி பிய்த்தால் ரத்தம் வரும். ஈரத்துணியால் ஒற்றி ஊறவிட்டு, பின்பக்கமிருந்து முன்பக்கமாக வழித்தெடுங்கள். நடுவில் இருமினால் நிறுத்தி, அடங்கிய பிறகு தொடருங்கள்.

சில வீடுகளில் நல்லெண்ணெய் விட்டுக் கொப்பளிக்க வைக்கிறார்கள். விழுங்கத் தடுமாறுபவர்களுக்கு இது வேண்டவே வேண்டாம். நுரையீரலுக்குள் போன எண்ணெய் இருமலைக்கூடத் தூண்டாமல் தங்கி, தனியாக ஒரு நிமோனியாவையே உண்டாக்கும். கிருமிநாசினி மவுத்வாஷ் பிரஷ்ஷுக்கு மாற்றாகாது. பிசுக்கைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும்.

பல்செட் இருந்தால் இரவில் கழற்றி, துலக்கி, தண்ணீரில் போட்டுவையுங்கள். அதைப் போட்டுக்கொண்டே தூங்கும் மிக வயதானவர்களுக்கு நிமோனியா ஆபத்து ஏறக்குறைய இரு மடங்கு என்று இன்னொரு ஜப்பானிய ஆய்வு காட்டியது.

குழாயில் கொடுக்கும்போதும், கொடுத்து ஒரு மணி நேரம் வரையிலும் தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்தே இருக்கட்டும். பாசத்தில் யாராவது ஒரு ஸ்பூன் காபி ஊட்டுகிறார்களா என்றும் விசாரியுங்கள். ஆசைக்குக் கொடுக்கலாமா என்பதை விழுங்கும் திறனைப் பரிசோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளர் (ஸ்பீச் தெரபிஸ்ட்) பார்த்துச் சொல்லட்டும். சிலருக்குப் பயிற்சியால் வாய்வழி உணவே திரும்பக் கிடைக்கிறது.

முதியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலும் நிமோனியா வரும். வழக்கத்துக்கு மாறான மயக்கம், குழப்பம், தொண்டையில் கரகரப்பு, நிமிடத்துக்கு 25 தடவைக்கு மேல் மூச்சு வாங்குவது ஆகியவற்றில் ஒன்றைக் கண்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.