அப்புச்சி வீட்டு மரப் புரொப்பல்லர்

கேள்வி: சூலூர்ப் பக்கம் எங்கள் அப்புச்சியின் பழைய வீட்டை இடித்தபோது அட்டாலியில் விமானத்து மரப் புரொப்பல்லர் (முன்னால் சுழலும் விசிறி) ஒன்று கிடைத்தது. இரண்டு இறக்கை, நுனிக்கு நுனி ஆறே கால் அடிக்குக் கொஞ்சம் மேல். இறக்கை ஓரத்தில் பித்தளைத் தகடு. நடுவில் 'ஜிப்ஸி மேஜர்', 'எல்.ஹெச்.', 'டி.ஆர்.ஜி.' என்று குத்தியிருக்கிறது, டி, பி எழுத்துகளுக்குப் பக்கத்தில் எண்கள் மங்கல். அப்புச்சி இரண்டாம் உலக யுத்த காலத்தில் பீளமேட்டில் கடற்படையின் கருடா பட்டறையில் வேலை பார்த்தவர். ஜெர்மனியில் கருடா என்றே புரொப்பல்லர் இருந்ததாம், இது அதுவா? உப்புத்தாள் போட்டு வார்னிஷ் அடிக்கலாமா?
- ஒரு வாசகர், சூலூர்

பதில்: உப்புத்தாளை முதலில் கீழே வையுங்கள். உங்கள் கேள்விக்கான பதில் முழுவதும் அந்த நடுக்கட்டையில்தான் இருக்கிறது, வண்டிச் சக்கரத்தில் குடம் என்போமே அந்த இடம். குத்து அதிக ஆழம் இருக்காது, தேய்த்தால் போய்விடும்.

ஜெர்மன் கருடா இது இல்லை. அது முதல் உலகப் போர்க் காலத்து பெர்லின் கம்பெனி. ஜெர்மன்காரர்கள் குதிரைத்திறனை 'பி.எஸ்.' என்று குத்துவார்கள், அளவு சென்டிமீட்டரில் இருக்கும். கோவையில் பிரிட்டிஷ் கடற்படை நடத்திய பழுதுபார்ப்புப் பட்டறைக்கும் கருடா என்று பெயர் வைத்தார்கள், பெயர் ஒன்று என்பதைத் தவிர வேறு சம்பந்தம் கிடையாது.

ஜிப்ஸி மேஜர் என்பது டி ஹாவிலாண்ட் என்ற பிரிட்டிஷ் விமானக் கம்பெனியின் நாலு சிலிண்டர் எஞ்சின், 130 குதிரைத்திறன். நம் விமானப்படைப் பையன்கள் பறக்கப் பழகிய டைகர் மாத் ஓடியது இதில்தான், உங்கள் ஆறே கால் அடிச் சொச்சமும் அதற்குப் பொருந்தி வருகிறது. ஆனால் அவசரப்பட வேண்டாம், இதே எஞ்சின் மைல்ஸ் மாஜிஸ்டர் போன்ற வேறு விமானங்களிலும் இருந்தது. எந்த விமானம் என்று தீர்த்துச் சொல்வது டி.ஆர்.ஜி. பக்கத்து எண்தான், அது வரைபட எண். டி குறுக்களவு. பி என்பது மரைக்குச் சொல்கிறோமே அதே பிட்ச், ஒரு சுற்றுக்குக் கணக்குப்படி எவ்வளவு முன்னே போகும் என்பது. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மங்கின எண் நிழல் கட்டித் தெரியும், வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் மெல்ல உரசினாலும் சரி.

எல்.ஹெச். என்றால் விமானி இருக்கையிலிருந்து பார்க்க இடஞ்சுழியாகச் சுற்றுவது. இதை நீங்களே சோதிக்கலாம். புடைத்த பக்கம் உங்களைப் பார்க்கும்படி நேராக நிறுத்துங்கள், மேல் இறக்கையின் பித்தளைத் தகடு உங்கள் வலது கைப் பக்கம் இருக்க வேண்டும். இடது பக்கம் இருந்தால் குத்தியதற்கும் கட்டைக்கும் ஒத்துவரவில்லை, அப்போது இது போலியாக இருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும்.

அப்புச்சி விஷயம். அந்தக் காலத்துக் கப்பற்படைச் சண்டை விமானங்களின் புரொப்பல்லருக்கு மூன்று, நான்கு இறக்கை, உலோகக் குடத்தில் தனித்தனியாகப் பூட்டியிருக்கும். ஒரே கட்டையில் செதுக்கிய இரண்டு இறக்கை அவற்றில் வராது. அதற்காக அவர் பட்டறையிலிருந்து கொண்டு வரவில்லை என்று நான் சொல்ல மாட்டேன், பயிற்சி விமானத்துடையதாக இருக்கலாம். அவருடைய வேலைச் சீட்டு, பழைய போட்டோ ஏதாவது வீட்டில் இருந்தால் தேடி இதோடு சேர்த்து வையுங்கள். கட்டையைவிட அந்தக் காகிதம்தான் சீக்கிரம் தொலையும்.

அப்புறம், உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். பித்தளை நுனியில் பொடி ஓட்டைகள் இருந்தால் எம்-சீல் வைத்து அடைத்துவிடாதீர்கள், ஈரம் வெளியேற வைத்தவை அவை. மூலையில் நட்டு வைக்காமல் படுக்கை வாட்டில் மாட்டுங்கள், இல்லையென்றால் கீழ் நுனி ஈரம் குடிக்கும், கரையானும் ஏறும். நடுவில் கடிகாரம் பதிக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள், தயவுசெய்து கேட்காதீர்கள். வரைபட எண் தெரிந்ததும் மறுபடி எழுதுங்கள்.