பின்டயர் வழுக்குவது: பூவை நம்பாதீர்கள்

தம்பி, மழை விட்டதும் சுங்கை சிப்புட் தோட்டத்து வளைவுகளில் மோட்டார் சைக்கிளின் பின்டயர் வழுக்குகிறது, பூ (டயர் மேலுள்ள பள்ளக் கோடுகள்) இன்னும் நன்றாக இருக்கிறது என்கிறீர்கள். பூவை விடுங்கள். ரப்பரை நகத்தால் அழுத்துங்கள். கல் மாதிரி இருந்தால் டயர் கிழடு. பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2317 என்றால் 2017-இல் 23-ஆவது வாரம் செய்தது. என்னுடையதும் அப்படித்தான்: பார்க்கப் புதுசு, பிடி மட்டும் கிடையாது.

காற்றை வண்டி எடுக்கும் முன்பே அளந்து பாருங்கள், சூடேறினால் கூடுதலாகக் காட்டும்.

ஒரே ஒரு வளைவில் மட்டும் என்றால் டயரைத் திட்டாதீர்கள். செம்பனைக் குலை லோரி சிந்திய சேறும் எண்ணெயும் அங்கே இருக்கலாம். காய்ந்த ரோட்டிலும் பின்பக்கம் ஆடுகிறதா? நடு ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தைப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். கடகடவென்றால் சக்கர பேரிங் தேய்ந்திருக்கலாம், சரியா?