அரைகுறைப் பள்ளி

அன்புள்ள ஐயா,

நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். மகள் ஏழாம் வகுப்பு. கொரோனாவுக்காக மூடிய பள்ளியை இந்த 2020-இல் மறுபடி திறக்கும் நாளை அமைச்சர் கடைசி நேரத்தில் ஜூன் 1-லிருந்து 8-க்கு மாற்றினார். திறந்ததும் அனுப்பினோம். இரண்டு கூட்டமாகப் பிரித்து ஒருநாள் விட்டு ஒருநாள் வரச் சொன்னார்கள். இப்போது மறுபடி மூடிவிட்டு, ஏழாம் வகுப்பு ஆகஸ்ட் 10 அன்று வரட்டும் என்கிறார்கள். மாமியாருக்குச் சர்க்கரை நோய். பயத்தில் வேலைக்கு வரும் பெண்ணைக்கூட மார்ச்சிலேயே நிறுத்திவிட்டோம். இந்த அரைகுறைப் பள்ளிக்கு மகளை அனுப்பத்தான் வேண்டுமா? ஃபோனிலேயே படித்துக்கொள்ளக் கூடாதா?

ஒரு தாய்

அன்புள்ள அம்மா,

மாமியார் விஷயத்தை அவரைப் பார்க்கும் டாக்டரிடம் கேளுங்கள். பயமிருந்தால் பிள்ளையை அனுப்பாமல் இருக்க விலக்குக் கேட்டு எழுதிக் கொடுக்கலாம், அதற்கு அரசே வழி வைத்திருக்கிறது. அனுப்பினால், வந்ததும் குளித்து உடுப்பு மாற்றிக்கொண்டு பாட்டியிடமிருந்து தள்ளியே இருக்கட்டும். அமைச்சர் தேதி மாற்றியதெல்லாம் பழைய கதை, விடுங்கள்.

‘அரைகுறைப் பள்ளி’ என்று எழுதினீர்கள் பாருங்கள், அதற்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். இந்த மூடலும் திறப்பும் தொடங்கியதிலிருந்து எனக்குள் ஓடிக்கொண்டிருப்பதும் அதுதான்.

நான் படித்ததே அரைப் பள்ளியில். ஐம்பதுகளில் டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இடம் போதாது. ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு கூட்டம், மத்தியானம் ஒரு கூட்டம். பிளாட்டூன் வகுப்பு என்பார்கள். கிளேர்வுட்டில் நான் மத்தியானக்காரன். காலைக்காரர்கள் வெளியே வரும்வரை வேலி ஓரம் நிற்போம். உள்ளே போனால் பெஞ்சு சூடு ஆறியிருக்காது. மேசைக்குள் கை விட்டால், என் இடத்தில் காலையில் உட்கார்ந்தவன் தின்றுபோட்ட ஆரஞ்சுத் தோல். அந்தக் கூட்டத்தில் அவன் யாரென்று கடைசிவரை எனக்குத் தெரியாது. ஒருநாள் கோபத்தில் ‘குப்பை போடாதே’ என்று துண்டுத்தாளில் எழுதி வைத்தேன். மறுநாள் அதன் பின்பக்கம் ஒரு பின்னக் கணக்கை எழுதி, ‘முடிந்தால் போடு’ என்று வைத்திருந்தான். வாத்தியார் நடத்தியது எதுவும் அன்றைக்கு என் காதில் ஏறவில்லை. குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே இருட்டிவிடும், வகுப்பில் விளக்கு கிடையாது. கடைசிப் பாடத்துக்குப் புத்தகத்தை மூடச் சொல்லி வாய்ப்பாடு ஒப்பிக்க வைப்பார். எனக்குப் பதினாறாம் வாய்ப்பாடு இன்றும் இருட்டில்தான் சரியாக வருகிறது.

அந்த அரைப் பள்ளியும் சும்மா வந்ததில்லை. டர்பன் இருக்கும் இந்த நேட்டால் மாகாணத்தில் நம் பள்ளிகள் பெரும்பாலும் மக்கள் ஒரு பவுண்டு திரட்டினால் அரசு ஒரு பவுண்டு போடும் என்ற கணக்கில் எழுந்தவை. கரும்பு வெட்டியவர்களும், காய்கறி விற்றவர்களும், ஹோட்டலில் தட்டு ஏந்தியவர்களும் கொடுத்த காசு. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியே ஆகவேண்டும் என்று நமக்குச் சட்டம்கூட இல்லாத காலம் அது. ஆனாலும் இடம் கேட்டு வாசலில் நின்றார்கள். அவர்கள் காதில் ‘அரைகுறை’ என்று விழுந்திருந்தால் உங்கள் காதைத் திருகியிருப்பார்கள்.

ஃபோனில் படிக்கலாம் என்கிறீர்கள். உங்கள் மகள் படிப்பாள். டேட்டாவுக்குக் காசு இருக்கிறது, சந்தேகம் கேட்டால் சொல்லித்தர நீங்கள் இருக்கிறீர்கள். மார்ச்சில் நிறுத்தினீர்களே, அந்தப் பெண்ணுக்குப் பிள்ளைகள் உண்டா? அவர்கள் எதில் படிக்கிறார்கள்? அதைவிட, என்ன சாப்பிடுகிறார்கள்?

கேட்கக் காரணம் இருக்கிறது. இந்த நாட்டில் 90 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பள்ளியில் போடும் சாப்பாட்டை நம்பி இருக்கிறார்கள். பள்ளியை மூடியதும் அதுவும் நின்றது. ஜூனில் 7, 12 வகுப்புகள் திறந்த பிறகும் மற்ற வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒழுங்காகக் கிடைக்கவில்லை. கல்வி உரிமைக்காகப் போராடும் ‘ஈக்வல் எஜுகேஷன்’ அமைப்பும் லிம்போபோ மாகாணத்தில் இரண்டு பள்ளிகளும் கோர்ட்டுக்குப் போனபிறகுதான், பள்ளிக்கு வந்தாலும் வராவிட்டாலும் தகுதியுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் சாப்பாடு போட வேண்டும் என்று ஜூலை 17 அன்று பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த மை காய்வதற்குள் ஜூலை 23 அன்று அதிபர் ராமபோசா மறுபடி நான்கு வார மூடலை அறிவித்தார், அதுவும் அரசுப் பள்ளிகளுக்கு மட்டும். தனியார் பள்ளிக்குக் கட்டணம் கட்டுகிறவன் பிள்ளையிடம் கொரோனா மரியாதையாக நடந்துகொள்ளும் போலிருக்கிறது! ஆனால் சாப்பாடு நிற்காது, பிள்ளையோ பெற்றோரோ பள்ளிக்குப் போய் வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். அது எத்தனை வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது?

கோபித்துக்கொள்ளாதீர்கள் அம்மா. வீட்டில் வயதானவரை வைத்துக்கொண்டு ராத்திரி தூக்கம் வராமல் எழுதிய கடிதம் என்று படித்ததுமே தெரிந்தது. மகளை அனுப்புவதும் அனுப்பாததும் உங்கள் வீட்டு முடிவு, நான் குறுக்கே வரமாட்டேன். அந்தப் பெண்ணுக்கு இன்றைக்கே ஃபோன் போடுங்கள். பிள்ளைகளின் பள்ளி எது, சாப்பாடு எந்த நேரத்தில் கொடுக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அவளுக்குத் தெரியவில்லை என்றால் நீங்களே பள்ளி ஆபீசில் கேட்டுச் சொல்லுங்கள், ஆபீசில் உங்கள் குரலுக்குக் கொஞ்சம் சீக்கிரம் பதில் வரும். அப்புறம், நிறுத்திய மாதங்களுக்குச் சம்பளம் போய்ச் சேர்ந்ததா என்பதையும் எனக்கு எழுதுங்கள்.